டபிள்யூவைத் தின்ற வரி

அம்பத்தூர் எஸ்டேட்டில், அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. கீழே பசை காய்ச்சும் நாட்களில் மாடியில் மதியச் சாப்பாடு இறங்காது. சிறு கடைக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் இணையதளம் வைக்க இடம் கொடுப்பது எங்கள் தொழில். அவர்களுடைய படங்களும் மெயிலும் எங்கள் சர்வரில் இருக்கும். அவற்றை அவர்களே பார்த்துக்கொள்ள ஒரு பேனல் உண்டு. உள்ளே நுழைந்து பெயர், போன் நம்பர், மெயில் முகவரி எல்லாம் மாற்றி, கடைசியில் சேவ் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பேனலை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தி. மற்ற இருவரும் வேலை மாறிப் போய்விட்டார்கள். நான் திருமுல்லைவாயிலில் வீடு வாங்கிவிட்டதால் எங்கும் போகவில்லை.

வாடிக்கையாளர்களின் போனை எடுக்க ஒரு பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். அவள் பிரசவ விடுப்பில் பூந்தமல்லிக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. புரோகிராம் எழுதுகிற நாங்களே முறை வைத்துப் போனை எடுக்கச் சொன்னார்கள். காலை வேளை எனக்கு வந்தது. எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, அதை நான் மறைக்கவும் இல்லை. புரோகிராமில் ஒரு வரியை யோசித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் அந்த வரி போய்விடும். அதனால் சீக்கிரம் பேசி முடிப்பதில்தான் குறியாக இருந்தேன்.

முதல் வாரத்திலேயே சேக்காட்டிலிருந்து ஒரு பெண்மணி பேசினார். அவரும் அவர் கணவரும் சேர்ந்து ஒரு வெல்டிங் பட்டறை நடத்துகிறார்கள். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி. வெள்ளானூர்ப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இணையதளத்தில் டிசைன் பார்த்துவிட்டுப் போன் செய்வார்களாம். தளத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"மேடம், சைட்டு ஓபன் ஆவல. இன்னாவோ வெள்ளையா ஒரு பக்கம் வருது. எங்க கேட்டு படம் ஒண்ணுமே காணோம்."

பேனலைத் திறந்து பார்த்தேன். அவர்களுடைய தளத்தின் பெயர் வெல்டு என்ற சொல்லில் தொடங்கும். பேனலில் இருந்த பெயரில் முதல் எழுத்தான டபிள்யூ இல்லை. வெல்டு, எல்டு ஆகியிருந்தது.

"பேரைத் தப்பா அடிச்சிருக்கீங்க மேடம். முதல் எழுத்து விட்டுப்போயிருக்கு."

"நானா? நான் பேரத் தொடவே இல்லியே. புது மெயில் ஐடி ஒண்ணு போட்டு சேவ் பண்ணேன், அவ்ளோதான்."

"கை தவறிப் பட்டிருக்கும். இப்ப நான் சரி பண்ணிடுறேன்."

பேனல் வழியாகப் போனால் நாலு பக்கம் திறக்க வேண்டும். எல்லாத் தகவலும் சேமித்திருக்கும் டேட்டாபேஸுக்குள் நேராகப் போக எனக்கு அனுமதி உண்டு. அங்கே போய், பேனலின் சேவ் பொத்தானைத் தொடாமலே டபிள்யூவைச் சேர்த்தேன். ஒரு நிமிட வேலை. தளம் திறந்தது. புகாரை மூடும்போது காரணம் கேட்கும். அதற்கு முன்பே எழுதி வைத்த பதில்கள் ஒரு பட்டியலாக இருக்கும். "எழுத்துப் பிழை, வாடிக்கையாளர் தரப்பு" என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் அவரே. மறுபடியும் டபிள்யூ இல்லை. இந்த முறை போன் நம்பரை மாற்றினாராம். "சேவ் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாத்தையும் படிச்சுப் பாத்துடுங்க" என்று சொன்னேன். குரலில் மரியாதை குறையாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். மூன்றாவது முறை வந்தபோது அவர் வாதாடவில்லை. "சரி மேடம், பாத்து அடிக்கிறேன்" என்றார். விஷயம் முடிந்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான்காவது முறை ஒரு ஆண் குரல். அவர் கணவர்.

"மேடம், நீங்க சொன்னீங்களாமே, பேரு தப்பா அடிக்கிறான்னு. இவளுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது நோண்டிகினே இருப்பா. வெள்ளானூர்ல பத்து வீடு கட்டறவரு டிசைன் பாக்கணும்னாரு. அந்த நேரம் பாத்து சைட்டு இல்ல, வேற ஆள்கிட்ட போயிட்டாரு. இனிமே நானே பாத்துக்கறேன். பாஸ்வேர்ட மாத்திக் குடுங்க."

பதிவு செய்திருந்த எண்ணிலிருந்துதான் அவர் பேசினார். விதிப்படி அது போதும். பாஸ்வேர்டை மாற்றி அவருக்குக் கொடுத்தேன். பின்னால், தள்ளி எங்கேயோ, அந்தப் பெண்மணி ஏதோ சொன்னது கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. டபிள்யூவைச் சேர்த்துவிட்டு, அதே பதிலைத் தேர்ந்தெடுத்துப் புகாரை மூடினேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் சத்தமில்லை. எட்டாவது நாள் காலை பத்து மணி வாக்கில் அந்தப் பெண்மணியே கூப்பிட்டார்.

"மேடம், நான் ஒரு வாரமா கம்ப்யூட்டர் பக்கமே போவல. பாஸ்வேர்டே எங்கிட்ட இல்ல. இன்னைக்கு அவருதான் உள்ள போய் அட்ரஸ் மாத்தி சேவ் பண்ணாரு. டபிள்யூவக் காணோம். இப்ப அவரும் தப்பா அடிச்சிட்டாரா?"

பேனலைத் திறந்தேன். டபிள்யூ இல்லை.

"அவரு இன்னா சொல்றாரு தெரியுமா? நான் முன்னாடியே எதையோ அமுக்கிக் கெடுத்து வெச்சிட்டனாம். அதான் இன்னும் வருதாம். நான் இன்னாத்த மேடம் அமுக்குவேன்? நீங்களே சொல்லுங்க."

"ஒரு மணி நேரம் குடுங்க மேடம். நான் பாத்துட்டுக் கூப்பிடறேன்" என்றேன். முந்தைய நான்கு முறையும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சோதனைக்கென்று வைத்திருக்கும் சர்வரில் டபிள்யூவில் தொடங்குகிற ஒரு பெயரைப் பதிந்தேன். எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்தினேன். டபிள்யூ போய்விட்டது. ஏ, பி, சி என்று வேறு எழுத்துகளில் தொடங்கும் பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். அவை அப்படியே இருந்தன. பேனலுக்குள், சேவ் அழுத்தியதும் ஓடுகிற பகுதியைத் திறந்து வரிவரியாகப் படித்துக்கொண்டு போனேன். இருபது நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

பெயரைப் பதியும்போது சிலர் முன்னால் மூன்று டபிள்யூவும் ஒரு புள்ளியும் சேர்த்து அடிப்பார்கள், சிலர் அடிக்க மாட்டார்கள். இரண்டு விதமாகவும் வந்தால் குழப்பம் என்பதால், முன்னால் அது இருந்தால் வெட்டிவிட ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. அந்த வரியில்தான் கோளாறு. எழுதியவர் நினைத்தது, "மூன்று டபிள்யூவும் ஒரு புள்ளியும் சேர்ந்து முன்னால் இருந்தால், அந்த நான்கையும் வெட்டு" என்று. ஆனால் அவர் பயன்படுத்திய கட்டளைக்கு அர்த்தம் வேறு. "டபிள்யூ, புள்ளி, இந்த இரண்டில் எது முன்னால் நின்றாலும் வெட்டு. வேறு எழுத்து வரும்வரை வெட்டிக்கொண்டே போ." அதனால் வெல்டின் டபிள்யூவும் சேர்ந்து போனது. அடுத்து ஈ என்ற ஆங்கில எழுத்து வந்ததால் வெட்டு நின்றது. டபிள்யூவில் பெயர் தொடங்காதவர்களுக்கு இரண்டு அர்த்தமும் ஒன்றுதான். எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிக்கும் மேல் அம்மன் பெயரிலோ முருகன் பெயரிலோ கடை வைத்திருப்பவர்கள்.

ஒவ்வொரு வரியையும் யார் எப்போது எழுதினார்கள் என்று பார்க்க ஒரு வசதி உண்டு. வேலை மாறிப்போன இருவரில் ஒருவராக இருக்கும் என்ற எண்ணத்தில்தான் பார்த்தேன். என் பெயர் இருந்தது. ஆறு வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதியிருக்கிறேன். மேலே ஒரு குறிப்பும் என் நடையிலேயே இருந்தது: "முன்னொட்டை நீக்குகிறது. எளிது."

தப்பு செய்ததற்காக எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. இந்தத் தொழிலில் தப்பு வரும், திருத்துவோம். ஆனால் ஒரு மனுஷி முதல் நாளே "நான் பேரைத் தொடவே இல்லை" என்று சொன்னார். நான்கு முறை அதே புகார் வந்தும் நான் அவரை நம்பவில்லை. நானே எழுதிய வரியை நம்பினேன். அதுகூட இல்லை, அப்படி ஒரு வரி இருப்பதையே மறந்துபோய், அவர் கையைச் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் ஒரு கேள்வி வந்தது. ஆறு வருடமாக டபிள்யூவில் பெயருள்ள வேறு யாருமேயா எங்களிடம் வரவில்லை? பிரசவ விடுப்பில் போன பெண்ணுக்குப் பூந்தமல்லிக்குப் போன் செய்தேன். குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே அவள் எடுத்தாள்.

"டபிள்யூ தானேக்கா? அது தின்னும்கா" என்றாள், மழை பெய்தால் பட்டாபிராம் சப்வேயில் தண்ணி நிற்கும் என்று சொல்வதுபோல.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலு வருஷமா தெரியும். டபிள்யூவுல பேர் வெச்சவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், நீங்க சேவ் அழுத்தாதீங்க, என்ன மாத்தணுமோ எனக்கு போன் பண்ணுங்கன்னு. நானே மாத்திட்டு, அப்புறம் சர்வர்ல ஃபைலைத் திறந்து கையால ஒரு டபிள்யூ போட்டுடுவேன். என் டிராயர்ல நோட்டு இருக்கு பாருங்க. அந்த சேக்காடு வெல்டிங்காரங்க நான் லீவு போறப்பதான் சேந்தாங்க. அவங்ககிட்ட சொல்ல விட்டுப்போச்சு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அவள் குழந்தையை யாரிடமோ கொடுத்தாள்.

"சொன்னேன்க்கா. நான் வந்த புதுசுல, திங்கக்கிழமை மீட்டிங்ல. டபிள்யூல ஆரம்பிச்சா பிரச்சனை வருதுன்னு. கஸ்டமர ஸ்பெல்லிங் செக் பண்ணச் சொல்லுன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"யார் அப்படிச் சொன்னது?"

"விடுங்கக்கா."

அந்த ஒரு சொல்லிலேயே, சொன்னது நான்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அந்த மீட்டிங் நினைவில்லை. நினைவில்லை என்று அவளிடம் சொல்வது இன்னும் மோசம் என்று தோன்றியதால் சொல்லவில்லை. "ஸாரிம்மா" என்றேன். "பரவால்லக்கா, மெஷினுக்கும் ஒரு பழக்கம்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

திருத்தம் இரண்டு வரிதான். பெயர் அந்த நான்கு எழுத்துகளோடு தொடங்குகிறதா என்று முதலில் பார். தொடங்கினால் சரியாக நான்கை மட்டும் வெட்டு. இல்லையென்றால் தொடாதே. வெல்டு, வயர், வாட்டர், வுட் என்று டபிள்யூவில் தொடங்கும் பெயர்களாக எழுதி, ஒவ்வொன்றும் முழுதாக வெளியே வருகிறதா என்று பார்க்கும் சோதனைகளையும் சேர்த்தேன். முன்பிருந்த சோதனைகளில் இருந்த பெயர்கள் டெஸ்ட், டெமோ இரண்டே இரண்டு.

டெமோ என்றதும் இன்னொன்று உறைத்தது. அதே கட்டளையை வேறு எங்காவது பயன்படுத்தியிருக்கிறோமா என்று தேடினேன். ஒரு இடத்தில் இருந்தது, இந்த முறை வாலில். நகல் எடுத்து வைக்கும் பகுதியில், பெயரின் கடைசியில் வரும் டாட் காமை வெட்டுவதற்கு. அதுவும் புள்ளி, சி, ஓ, எம் எது கடைசியில் நின்றாலும் தின்றுகொண்டே போகும். டெமோவின் எம், ஓ இரண்டும் போய், எங்கள் சர்வரில் டி, ஈ என்ற இரண்டே எழுத்தில் ஒரு ஃபோல்டர் வருடக்கணக்காக இருந்தது. டெவலப்மென்ட் என்பதன் சுருக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். புதிதாக வந்தவர்களுக்கு அப்படித்தான் சொல்லியும் கொடுத்திருந்தோம். பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அந்த நாளில் சிரித்தது அப்போது மட்டும்தான்.

டிராயரில் இருந்த நோட்டில் பதினோரு பெயர்கள் இருந்தன. எல்லோருக்கும் நானே போன் செய்து, இனி பயமில்லாமல் சேவ் அழுத்தலாம் என்று சொன்னேன். ஆவடியில் கம்பிவலை விற்கும் ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார். அவர் டபிள்யூவோடு போராடிப் பார்த்துவிட்டு, நான்கு வருடம் முன்பே டபிள்யூ இல்லாத பெயரையும் பதிந்து, அதையே கடை போர்டில் எழுதிவிட்டாராம்.

"கேக்கறவங்களுக்கெல்லாம் அது நியூமராலஜின்னு சொல்லிகினு கீறேன் மேடம். நீங்க இப்ப வந்து தப்புன்றீங்க. வுட்ருங்க."

விட்டுவிட்டேன்.

எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு கடிதம் போக வேண்டியிருந்தது. மேலாளர் "சில தொழில்நுட்பக் காரணங்களால்" என்று தொடங்கி எழுதி எனக்கு அனுப்பியிருந்தார். நான் அதை அழித்துவிட்டு "எங்கள் பிழையால்" என்று மாற்றினேன். அவர் அதை அப்படியே அனுப்பச் சொன்னார். புகாரை மூடும் பட்டியலிலிருந்து அந்த "எழுத்துப் பிழை" பதிலையும் எடுத்துவிட்டேன். இப்போது காரணத்தைக் கையால் எழுத வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

சேக்காட்டுப் பெண்மணிக்குச் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டு, தப்பு எங்களுடையது, சரி செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லியிருந்தேன். "அப்டியா" என்றார். பிறகு, "இத அவருகிட்ட நீங்களே சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாரு" என்றார். கணவரின் எண்ணுக்கு இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. மனைவியிடமிருந்து பாஸ்வேர்டைப் பிடுங்கிக் கணவரிடம் கொடுத்தவள் நான். போனில் முடிக்கிற காரியமாகத் தோன்றவில்லை. சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சேக்காட்டுக்குப் போனேன்.

பட்டறை அவர்கள் வீட்டை ஒட்டியே இருந்தது, தகரக் கொட்டகை. வாசலில் பாதி முடிந்த ஒரு கேட் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கணவர் கிரைண்டிங் மெஷினால் ஒரு கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொறி என் காலடி வரைக்கும் பறந்து வந்தது. போன் அடித்தது ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது. அந்தப் பெண்மணி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்து வந்தார். குரலை வைத்து அவரை ஒல்லியானவர் என்று நினைத்திருந்தேன். நல்ல உயரம், ஆண் சட்டையை மேலே போட்டுக்கொண்டு, கைகளில் பொறி சுட்ட புள்ளிகளோடு இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினைந்து வருடம் வெல்டராக இருந்தவர், கணவருக்கு வெல்டிங் பழக்கிக் கொடுத்ததே அவர்தான் என்று பிறகு பேச்சில் தெரிந்தது.

நான் யார் என்று சொன்னேன். கணவர் நிமிர்ந்தார்.

"நீங்கதான போன்ல பேசனது? எழுத்துப் பிழைன்னு சொன்னீங்களே?"

"ஆமா சார், சொன்னேன். தப்பு என்னுது. மெஷினுக்குள்ள நான் எழுதன ஒரு வரிதான் டபிள்யூவை அழிச்சுக்கிட்டு இருந்தது. யாரு சேவ் அழுத்தினாலும் அழிஞ்சிருக்கும்."

"அப்ப இவ ஒண்ணுமே பண்ணலியா?"

"ஒண்ணுமே பண்ணல. நாலு தடவையும் சரியாத்தான் அடிச்சிருக்காங்க."

கணவர் கையில் கிரைண்டிங் மெஷின் நின்றபாடில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்மணி போய் அதன் பிளக்கைப் பிடுங்கினார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க மேடம். சத்தத்துல அவருக்கு கேட்டிருக்காது."

அவருக்குக் கேட்டிருந்தது, எங்கள் மூவருக்கும் அது தெரியும். நான் இன்னொரு முறை சொன்னேன், முழுதாக. கணவர் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். எப்படி அழிந்தது என்று கேட்டார். டபிள்யூ, புள்ளி இரண்டில் எது வந்தாலும் வெட்டச் சொன்ன கதையைச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"வெல்டு மேல துருத்திகினு கீறத மட்டும் தேய்க்கச் சொன்னா, பிளேட்டையும் சேத்து தேய்ச்சிடுச்சு. அப்டித்தான?"

"அப்படித்தான் சார்."

"மெஷின் இன்னா பண்ணும்? புடிச்சிகினு கீற கைதான் பாத்துத் தேய்க்கணும்" என்றார் அந்தப் பெண்மணி. எங்களில் யாரைப் பார்த்தும் அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். கணவரும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு, "டீ சொல்லட்டா மேடம்?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

வீட்டுக்குள் கம்ப்யூட்டர் ஒரு தையல் மெஷின் பக்கத்தில், பூப்போட்ட துணி மூடி இருந்தது. தூசிக்காக என்றார் அந்தப் பெண்மணி. பாஸ்வேர்டை மாற்றித் தர வேண்டும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார். என் போனிலிருந்து பழையதை நீக்கிக் கொடுத்தேன். புதிதாக எதை வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, ஒரு விரலால் மெதுவாக அடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உள்ளே போனதும், எதையும் மாற்றாமல் சேவ் அழுத்தினார். பக்கத்தில் இருந்த தன் போனில் தளத்தைத் திறந்து பார்த்தார். வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி பார்த்தார். ஐந்து முறை அப்படிச் செய்தார். என் இடத்தில் அவர் இருந்திருந்தால் முதல் நாளே இதைச் செய்து பார்த்திருப்பார் என்று தோன்றியது.

கணவர் ஒரு தூக்கில் டீயும் மூன்று தம்ளரும் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் தம்ளரை மனைவிக்குத்தான் கொடுத்தார். அவர் திரும்பிப் பார்க்காமலே வாங்கி மேசைமேல் வைத்தார்.

"அந்த மயில் போட்ட கேட்டு முடிஞ்சி மூணு நாளாவுது. ஒரு போட்டோகூட ஏத்தல" என்றார்.

"நீதான ஏத்தணும்" என்றார் கணவர். "எனக்கு அதெல்லாம் எங்க வருது."

அந்தப் பெண்மணி போனில் படத்தைத் தேட ஆரம்பித்தார். நான் டீயைக் குடித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். ஸ்கூட்டியைத் திருப்பும்போது கிரைண்டிங் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.